நிதிக்கு நாலு கட்டம், நீதிக்கு மூன்று: டெர்மினலில் தமிழைப் பொருத்திய பதிவு

டெபியன் 12 என்ற லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், 1366-க்கு 768 திரை கொண்ட பழைய லேப்டாப். இதில் காலை முதல் இரவு வரை மூடாமல் இருப்பது டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் ஜன்னல்தான். தமிழ்ச் சொற்பட்டியல்களை கிரெப், சார்ட், ஆக் என்ற தேடும், வரிசைப்படுத்தும், பிரித்தெடுக்கும் கட்டளைகளை வைத்து அலசுவதும், தமிழில் பெயர் வைத்த கோப்புகளை ஃபோல்டர் ஃபோல்டராக நகர்த்துவதும்தான் வேலை. கட்டளைகள் ஒழுங்காகத்தான் ஓடும். வம்பெல்லாம் திரையில். ‘தெரு’ என்று தேடினால் விடை வரும். ஆனால் முதலில் தகரம், அதற்குப் பின்னால் கொம்பு, அப்புறம் ரகரம், கடைசியில் எதோடும் ஒட்டாத உகரக் குறி என்று உதிரி உதிரியாக நிற்கும்.

இதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது செய்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் சரியாகிவிடவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எது சரியாகும், எது ஆகாது என்பது தெரிந்துவிட்டால் எந்த டெர்மினலில் எந்த வேலையைச் செய்வது என்று முடிவெடுத்துவிடலாம்.

முதலில் ஆங்கில எழுத்துரு. தமிழ்ப் பிரச்சினைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். டெர்மினல் என்பது கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். சீன, ஜப்பானிய எழுத்தானால் இரண்டு. 1978-இல் வந்த விடி100 முனையத்தில் இருந்த 80 பத்தி (மேலிருந்து கீழாக ஓடும் கட்ட வரிசை), 24 வரி அமைப்பைத்தான் இன்றைய டெர்மினல் ஜன்னலும் திறந்தவுடன் காட்டுகிறது. அந்தக் கட்டத்தின் அகலத்தை முடிவுசெய்வது முதன்மை எழுத்துரு. தமிழுக்கென்று நாம் எதைச் சேர்த்தாலும் அது அந்த அகலத்துக்குள்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

அதனால் அழகு பார்ப்பதற்கு முன் அகலம் பார்த்தேன். எழுத்துருவின் அளவை 1000 அலகு என்று வைத்துக்கொண்டால் ஜெட்பிரெயின்ஸ் மோனோ, ஐபிஎம் பிளெக்ஸ் மோனோ, சோர்ஸ் கோட் புரோ மூன்றிலும் ஒரு கட்டம் 600 அலகு. டெஜாவு சான்ஸ் மோனோவும் கிட்டத்தட்ட அதேதான். ஐயோசெவ்காவும் இன்கான்சலேட்டாவும் 500. ஐயோசெவ்கா எனக்குப் பிடித்த எழுத்துரு. ஒல்லியாக இருப்பதால் ஒரு வரியில் நிறைய அடங்கும். ஆனால் ண, ஞ போன்ற அகல எழுத்துகளை 500 அலகில் திணித்தால் பக்கத்து எழுத்தின் மேல் ஏறிவிடும். எனவே அது வெளியே.

மிஞ்சியவற்றில் பார்த்தது மூன்று ஜோடிகளை: சுழியும் பெரிய ஓ-வும், ஒன்றும் சின்ன எல்லும், பெரிய ஐயும் நிமிர்ந்த கோடும். பாஸ்வேர்டையோ ஹாஷையோ திரையிலிருந்து படித்துச் சொல்லும்போது இவை குழம்பக் கூடாது. இந்தச் சோதனையில் எல்லாமே தேறின. கடைசியில் டெஜாவு சான்ஸ் மோனோவே நின்றது. 2003-இல் வந்த பிட்ஸ்ட்ரீம் வெராவிலிருந்து கிளைத்த, யாரும் இப்போது பெருமையாகப் பேசாத எழுத்துரு. குறைந்த அடர்த்தியுள்ள திரையில் இவ்வளவு தெளிவாக வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. 11 பாயின்ட்டில் கட்டம் 9 பிக்சல். திரையின் முழு அகலத்துக்கு 150 பத்திகள் வருகின்றன. அம்புக்குறி, சமக்குறிகளைச் சேர்த்து ஒரே உருவாக வரையும் ஃபிரா கோட் வகையறா எனக்கு ஒத்துவரவில்லை. கோப்பில் இரண்டு எழுத்து இருந்தால் கண்ணுக்கும் இரண்டு தெரிய வேண்டும்.

சரி, இப்போது நான் பயன்படுத்தும் டெர்மினல் நிரலான எக்ஸ்டெர்ம். 1984-இல் எழுதப்பட்டு, 1996 முதல் தாமஸ் டிக்கி பராமரித்துவரும் இந்தக் கிழவனை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. சட்டென்று திறக்கும், எதையும் மறைக்காது. அதன் செட்டிங் எல்லாம் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்ரிசோர்சஸ் என்ற கோப்பில். ஃபேஸ்நேம் என்ற வரியில் எழுத்துரு, ஃபேஸ்சைஸ் வரியில் அளவு, இன்டர்னல்பார்டர் வரியில் ஓரத்து இடைவெளி. எழுதி முடித்து எக்ஸ்ஆர்டிபி கட்டளையை மெர்ஜ் விருப்பத்துடன் ஓட்ட வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னல் மாறாது. புதிதாகத் திறப்பதுதான் மாறும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு வலது பட்டனை அழுத்தினால் எழுத்துரு அளவுக்கான மெனு வரும். இது தெரியாமல் எத்தனையோ பேர் எக்ஸ்டெர்மின் குட்டி எழுத்தைப் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

அதே கோப்பில் நிறத்தையும் ஒரு கை பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் அடர்நீலம் என்பது படிக்க விடாமல் செய்வதற்கென்றே வந்த ஏற்பாடு. ஃபோல்டர் பெயர்களை எல்எஸ் கட்டளை அந்த நீலத்தில்தான் காட்டும். நிறம் 4, நிறம் 12 இரண்டையும் வெளிர்நீலமாக மாற்றினேன். முழு நிறத்தொகுப்பாக 2011-இல் ஈதன் ஷூனோவர் வெளியிட்ட சோலரைஸ்டைப் போடலாம்தான். ஆனால் அதில் பிரகாச நிறங்களுக்கான பல இடங்களில் சாம்பல் வகைகள் உட்கார்ந்திருக்கும். தடித்த எழுத்தைப் பிரகாச நிறத்தில் காட்டும் வழக்கமுள்ள டெர்மினலில் தடித்த எழுத்தெல்லாம் சாம்பலாகிவிடும். இரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் தமிழ் எழுத்துரு. டெஜாவுவில் தமிழ் கிடையாது. முதன்மை எழுத்துருவில் இல்லாத எழுத்துக்கு மாற்று தேடித் தருவது ஃபான்ட்கான்ஃபிக். நாம் எதுவும் சொல்லாவிட்டால் கணினியில் கிடக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொடுக்கும். அது லோஹித்தாக இருக்கலாம், டிஎஸ்சியு தொகுப்பிலுள்ள அலங்கார எழுத்தாகவும் இருக்கலாம். என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க எஃப்சி-லிஸ்ட் கட்டளையில் மொழி டிஏ என்று கொடுத்தால் போதும். எது தேர்வாகும் என்று பார்க்க எஃப்சி-மேட்ச்.

நோட்டோ சான்ஸ் தமிழை எடுத்துக்கொண்டேன். காரணம் ஒன்றுதான்: அதில் ஒடுக்கமான வடிவங்கள் இருக்கின்றன. சாதாரண வடிவம் நோட்டோ-கோர் பேக்கேஜில் வரும், ஒடுக்கமானவை நோட்டோ-எக்ஸ்ட்ராவில். ஒடுக்கமான வடிவத்தில் ண, ணை, ஞா எல்லாம் கட்டத்தை விட்டு வழிவது நன்றாகக் குறைகிறது. எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று தமிழுக்கு வடிவமைக்க முயன்றால் ர-வை இழுத்து ண-வை நசுக்க வேண்டியிருக்கும். ஒடுக்கமான சாதாரண எழுத்துருவே பரவாயில்லை.

ஹோம் ஃபோல்டரின் கான்ஃபிக் பகுதியில் ஃபான்ட்ஸ்.கான்ஃப் கோப்பு வைத்து, மோனோஸ்பேஸ் என்று யார் கேட்டாலும் முதலில் டெஜாவு, அடுத்து நோட்டோவின் ஒடுக்கமான தமிழ் என்று வரிசை கொடுத்தேன். இந்த வரிசை முக்கியம். தமிழ் எழுத்துருவை முதலில் வைத்தால் எக்ஸ்டெர்ம் அதன் மிக அகலமான எழுத்தைப் பார்த்துக் கட்டத்தை அளந்துவிடும். ஆங்கிலம் முழுவதும் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். 150 பத்தி இருந்த இடத்தில் பாதி கூடத் தேறாது. மாற்றியபின் எஃப்சி-கேஷ் ஓட்டிவிட்டு எஃப்சி-மேட்சில் சரிபார்த்தேன்.

இப்போது எழுத்துகள் அழகாகிவிட்டன. ஆனால் இன்னமும் உதிரிதான். ‘தெரு’வில் கொம்பு தகரத்துக்குப் பின்னால்தான் நிற்கிறது. எழுத்துருவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. கொம்பை முன்னால் கொண்டுபோவது, ரகரத்தோடு உகரத்தைச் சேர்த்து ஒரே உருவாக்குவது இதெல்லாம் எழுத்துக்கோப்பு நிரலின் வேலை. பிரவுசரிலும் லிப்ரேஆபிஸிலும் ஹார்ஃப்பஸ் அதைச் செய்கிறது. எக்ஸ்டெர்ம் அந்தப் பக்கமே போவதில்லை. வந்த வரிசையில் ஒவ்வொரு குறியையும் அதனதன் கட்டத்தில் வரைந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்படியானால் எந்தக் குறிக்கு எத்தனை கட்டம்? இதைப் பார்க்க டபிள்யூசி கட்டளையில் பெரிய எல் விருப்பம் இருக்கிறது. வரியின் திரை அகலத்தைச் சொல்லும். பிரின்ட்எஃப் மூலம் ஒவ்வொரு எழுத்தாக அதற்குள் அனுப்பினேன். ‘க’ என்றால் 1. ‘க்’ என்றாலும் 1. புள்ளிக்கு அகலம் இல்லை. ‘கா’ 2, ‘கி’ 2, ‘கு’ 2, ‘கெ’ 2. ‘கீ’ மட்டும் 1.

யூனிகோடில் ஒட்டுக்குறிகள் இரண்டு வகை: இடம் பிடிப்பவை, பிடிக்காதவை. தமிழில் இடம் பிடிக்காத பட்டியலில் புள்ளியோடு ஈகாரக் குறியும் இருக்கிறது. மற்ற உயிர்க்குறிகள் எல்லாம் இடம் பிடிப்பவை. அதனால் ‘நிதி’க்கு 4 கட்டம், ‘நீதி’க்கு 3. குறிலுக்கு நெடிலைவிட அதிக இடம் என்று தொல்காப்பியரிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. ‘ஸ்ரீ’க்கு 2, ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 4.

இந்தச் சோதனையில் இன்னொரு பூதமும் கிளம்பியது. ‘கொடி’ என்று தொடங்கும் இரண்டு கோப்புப் பெயர்கள், பார்வைக்கு ஒன்றேபோல இருந்தவை, வெவ்வேறு அகலம் காட்டின. ஒன்றில் ஒகரக் குறி ஒற்றைக் குறியாக இருக்கிறது. ககரத்தோடு சேர்த்து 2 கட்டம். இன்னொன்றில் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாக இருக்கின்றன, மொத்தம் 3. அது மேக்கிலிருந்து வந்த கோப்பு. அங்கே வெகுகாலம் இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம், கிரெப்புக்குச் சமமில்லை. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. கோப்புப் பெயர்களுக்கு கான்வ்எம்வி என்ற கருவியில் என்எஃப்சி விருப்பமும், கோப்பின் உள்ளடக்கத்துக்கு ஐசியு-டெவ்டூல்ஸ் பேக்கேஜில் உள்ள யூகான்வும் கொடுத்து எல்லாவற்றையும் ஒற்றைக் குறிக்கு மாற்றினேன். கான்வ்எம்வி முதலில் வெறுமனே பட்டியல் போட்டுக் காட்டும். நோடெஸ்ட் என்று சொன்னால்தான் பெயரை உண்மையில் மாற்றும். நல்ல பழக்கம். டெர்மினல் அழகுக்காகத் தொடங்கிய வேலையில் உருப்படியாகக் கிடைத்தது இதுதான் என்றுகூடச் சொல்வேன். எத்தனை நாளாகத் தேடலில் இந்தச் சொற்கள் நழுவிக்கொண்டிருந்தனவோ!

எக்ஸ்டெர்முக்கு அடுத்து கிட்டி என்ற டெர்மினல். காலிபர் மின்னூல் மென்பொருளை எழுதிய கோவிட் கோயல்தான் இதையும் எழுதியவர். இது ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகிறது. இதன் கான்ஃபிக் கோப்பில் சிம்பல்மேப் என்று ஒரு வரி உண்டு: யூனிகோடின் இந்தப் பகுதி எழுத்துகளுக்கு இந்த எழுத்துரு என்று நேரடியாகச் சொல்லிவிடலாம். தமிழின் பகுதி 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. ஃபான்ட்கான்ஃபிக்கோடு மல்லுக்கட்டாமல் ஒரே வரியில் முடிகிற வேலை. மாடிஃபைஃபான்ட் என்ற இன்னொரு வரியில் கட்ட அகலத்தை 110 சதவீதம் ஆக்கினேன். ஆங்கிலம் சற்று காற்றோட்டமாகிறது, தமிழுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்5 சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் ஜன்னலிலேயே மாற்றம் வந்துவிடும்.

‘தெரு’ இங்கே தெருவாகத் தெரிந்தது. கொம்பு முன்னால் வந்தது, உகரம் ஒட்டியது. ஆனால் கட்டளை வரியில் தமிழைத் தட்டி, இடது அம்புக்குறியால் பின்னால் போய் ஒரு எழுத்தைத் திருத்தினால் கர்சர் காட்டுகிற இடம் ஒன்று, திருத்தம் விழுகிற இடம் வேறு. காரணம் கணக்கு வேறுபாடு. டெபியனில் வந்த கிட்டி பதிப்பு எல்லா ஒட்டுக்குறிகளையும் முந்தைய எழுத்தின் கட்டத்திலேயே சேர்த்துவிடுகிறது. அதற்கு ‘கி’ ஒரு கட்டம். டெர்மினலுக்குள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல்லோ சிஸ்டம் நூலகத்தைக் கேட்டு இரண்டு என்று எண்ணுகிறது. ஒரு சொல்லில் இடம் பிடிக்கும் உயிர்க்குறி மூன்று இருந்தால் கர்சர் மூன்று கட்டம் தள்ளி நிற்கும். நீளமான கோப்புப் பெயரில் கேட்கவே வேண்டாம். எக்ஸ்டெர்மில் இதற்கு நேர்மாறு: எழுத்து உதிரி, ஆனால் கர்சர் சரியான இடத்தில். டெர்மினல், ஷெல், எடிட்டர், பைத்தான் நூலகம் என ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு அகலப் பட்டியலை வைத்துக்கொண்டிருப்பதுதான் வினை.

கிட்டியில் இன்னொரு சில்லறைத் தொல்லை. எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினிக்குப் போனால், அங்கே இந்த டெர்மினல் வகையே தெரியாது என்று நானோ எடிட்டரும் டாப் கட்டளையும் முரண்டு பிடிக்கும். அந்தப் பக்கம் கிட்டி-டெர்மின்ஃபோ பேக்கேஜைப் போட வேண்டும், அல்லது கிட்டியோடு வரும் எஸ்எஸ்ஹெச் கிட்டனைப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது எம்எல்டெர்ம். பல மொழி எழுத்துகளுக்கென்றே எழுதப்பட்டது. தோற்றம் தொண்ணூறுகளில் நின்றுவிட்டது. அதனால்தானோ என்னவோ யாரும் கண்டுகொள்வதில்லை. ஹோம் ஃபோல்டரில் புள்ளி எம்எல்டெர்ம் ஃபோல்டருக்குள் மெயின் என்ற கோப்பு. அதில் இரண்டு வரிகள் முக்கியம்: எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் ஓப்பன்டைப் லேஅவுட்டைப் பயன்படுத்தச் சொல்வது ஒன்று, பத்தி அகலம் எழுத்துக்கு எழுத்து மாறலாம் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் விசேஷம். அதாவது கட்டம் போட்ட நோட்டே வேண்டாம், அச்சுப் பக்கம் போல எழுத்துக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு எடுத்துக்கொள் என்று சொல்கிறோம். பக்கத்திலேயே ஏஏஃபான்ட் என்ற கோப்பில் தமிழ்ப் பகுதிக்கு நோட்டோவைக் குறித்தேன். இங்கே ஒடுக்கமான வடிவம் தேவையில்லை, சாதாரண வடிவமே போட்டேன்.

இதில் தமிழ் படிக்க அருமை. ‘கௌரவம்’, ‘ஞானம்’, ‘அண்ணன்’ எல்லாம் புத்தகத்தில் இருப்பதுபோல. கர்சரும் பெரும்பாலும் நம் பக்கமே இருக்கிறது. கொடுத்த விலை, பத்திகளின் நேர்க்கோடு. எல்எஸ் நீளப் பட்டியல், ‘காலம்’ (column) கட்டளை போடும் அட்டவணை, ஓடும் நிரல்களைக் காட்டும் ஹெச்டாப் எல்லாம் வரிக்கு வரி வளைந்து நெளியும். அட்டவணைக்குக் கட்டம் வேண்டும், தமிழுக்குக் கட்டம் ஆகாது. இரண்டையும் ஒரே ஜன்னலில் கேட்பதை இதோடு விட்டுவிட்டேன்.

கடைசி ஏற்பாடு இப்படி: சூப்பர் விசையும் என்டரும் சேர்ந்தால் எக்ஸ்டெர்ம், கணினி நிர்வாகம், நிரல், அட்டவணை, எஸ்எஸ்ஹெச் எல்லாம் அதில். சூப்பர் விசையும் டி-யும் சேர்ந்தால் எம்எல்டெர்ம்; சொற்பட்டியலும் தமிழ்க் கோப்புகளும் அதில். பின்னணி நிறத்தை இரண்டுக்கும் சற்று மாற்றி வைத்திருக்கிறேன், எதில் இருக்கிறோம் என்பது பார்த்தவுடன் தெரியட்டும் என்று. கிட்டி நீக்கப்படவில்லை. கர்சரை நகர்த்தாமல் வெறுமனே படிப்பதற்கு, லாக் பார்ப்பதற்கு நல்லது. தமிழ் உரையை உட்கார்ந்து எழுதுவதென்றால் இந்த மூன்றுமே வேண்டாம். ஈமாக்ஸ் எடிட்டர் தன் சொந்த ஜன்னலில் 27-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸோடு வருகிறது. டெர்மினலுக்குள் விம் எடிட்டரைத் திறந்து தமிழ் எழுதுவது கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு. ஜன்னல் முறையே இல்லாத வெறும் டிடிஒய் திரையில் தமிழ் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே எழுத்துரு அதிகபட்சம் 512 உருவங்களைத்தான் தாங்கும், சேர்த்து வரையவும் ஆளில்லை. அதற்கு டெர்மினஸ் எழுத்துருவைப் பெரிய அளவில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

எழுத்துருவோடு சம்பந்தமில்லாமல் தமிழைக் கெடுக்கிற இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சில சர்வர்களில் தமிழ்க் கோப்புப் பெயர் ‘க’ என்பதற்குப் பதில் \340\256\225 என்று எண்களாக வரும். அது யுடிஎஃப்-8 பைட்டுகளை எட்டடிமான எண்ணில் காட்டுவது; தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். சர்வரில் லோகேல், அதாவது மொழி, எழுத்துமுறை அமைப்பு, வெறும் சி என்று இருந்தால் இப்படி ஆகும். லாங் மாறியை சி.யுடிஎஃப்-8 என்று வைத்தால் தீர்ந்தது. அதற்குத் தமிழ் லோகேல் போட வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. இன்னொன்று கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (git). லோகேல் சரியாக இருந்தாலும் கிட் ஸ்டேட்டஸ் அதே எண்களைக் கொட்டும், ஏனென்றால் அது அதன் சொந்தக் கொள்கை. கோர் பகுதியில் கோட்பாத் என்ற அமைப்பை குளோபலாக ஃபால்ஸ் ஆக்கினால் பெயர்கள் தமிழில் வந்துவிடும்.

எம்எல்டெர்மில் மட்டும் எல்எஸ் கட்டளைக்கு ஒரு ஏலியாஸ் (மாற்றுக் கட்டளை) போட்டிருக்கிறேன்: ஒரு வரிக்கு ஒரு பெயர், நேர்க்கோட்டுக்கு வேலையே இல்லாதபடி. பேஷ் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பில் எந்த டெர்மினல் என்று பார்த்து, எம்எல்டெர்ம் என்றால் மட்டும் அது அமலாகும். எக்ஸ்டெர்மில் பழைய பத்தி வரிசையே தொடர்கிறது.